தொண்டர் தங்கிய தெரு: அயல்நாட்டு உதவியாளரின் அன்றாட வாழ்வு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஓர் ஊருக்குப் புதிதாக வந்தவரிடம் நம் பெரியவர்கள் கேட்கும் முதற்கேள்வி, “எங்கே இறங்கியிருக்கிறீர்கள்?” என்பதாகும். பெயரைக் கேட்பதற்கு முன்பே தங்கிய இடத்தைக் கேட்பது நம் நாட்டு வழக்கம். அக்கேள்வியில் உபசாரமும் உண்டு; உளவும் உண்டு. எந்தத் தெருவில் இறங்கினார் என்பது தெரிந்தால், அவர் யாருடைய விருந்தாளி என்பதும், யாருடைய வாசலை மிதிப்பார், யாருடைய வாசலை மிதிக்கமாட்டார் என்பதும் தாமே விளங்கிவிடும்.

கடந்த நூற்றுமுப்பது ஆண்டுகளில், ஏழை எளியோரின் வாழ்வை உயர்த்துவோம் என்ற நோக்கத்தோடு கடல் கடந்து இந்நாட்டிற்கு வந்த அயல்நாட்டார் பலர். அவர்கள் கட்டிய பள்ளிகளைப் பற்றியும், வெட்டிய கிணறுகளைப் பற்றியும், கொணர்ந்த விதைகளையும் கோழிகளையும் பற்றியும் நூல்கள் உள்ளன. ஆனால் அவர்கள் இங்கு வந்து எவ்வாறு அன்றாட வாழ்வில் அமைந்தார்கள், எக்கூரையின்கீழ் உறங்கினார்கள், எக்கிணற்று நீரைக் குடித்தார்கள், அவர்களுக்கு உலைவைத்தது யார், அவர்களது கழிவிடத்தைத் துப்புரவு செய்தது யார் என்ற வரலாற்றை நம்முடைய பக்கத்திலிருந்து எழுதியவர் மிகச் சிலரே. பார்வைக்கு இவை சிறு செய்திகள். ஆயினும் சாதி வேரோடிய ஒரு நாட்டில் கூரை, நீர், அடுப்பு, கழிவிடம் என்னும் இந்நான்கும் உதவி யாரைச் சென்று அடையும் என்பதையே முடிவு செய்தன. இவ்வுண்மையைச் சில நிகழ்ச்சிகளைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அடையாற்றங்கரையில்

கல்வி வளர்ச்சிக்கென அமைந்த ஒரு கழகத்தின் வெள்ளிவிழா மலரில் முதற்கண் நினைக்கத்தக்கவர் கர்னல் ஹென்றி ஸ்டீல் ஆல்காட் ஆவார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் பணியாற்றிய இவர் பிரம்மஞான சபையை நிறுவியவர்களுள் ஒருவர். 1882ஆம் ஆண்டு இறுதியில் சபையின் தலைமையிடம் சென்னை அடையாற்றுக்கு வந்தது. ஆற்றங்கரையில் பரந்த தோப்பு, நடுவே மாளிகை, சுற்றிலும் உழைக்கும் மக்களின் குடிசைகள். நாள்தோறும் கண்ணிற்பட்ட அக்குடிசைகளின் பிள்ளைகளுக்கென 1894ஆம் ஆண்டில் அவர் ஓர் இலவசப் பள்ளியைத் திறந்தார். அன்றைய வழக்குப்படி ‘பஞ்சமர் பள்ளி’ எனப் பெயர்பெற்ற அப்பள்ளியைத் தொடர்ந்து சென்னையில் மேலும் சில பள்ளிகள் எழுந்தன. அவற்றுள் ஒன்று திருவள்ளுவரின் பெயரைத் தாங்கியது. அமெரிக்காவிலிருந்து வந்த பெண் ஆசிரியர்கள் அப்பள்ளிகளின் பொறுப்பை ஏற்று, அன்றாடம் சேரிக்குள் நடந்து சென்று பணியாற்றினர்.

இங்கு ஒன்றை மறவாது குறித்தல் வேண்டும். ஆல்காட் சேரியில் குடியிருந்தவர் அல்லர், மாளிகையிலேயே வாழ்ந்தார். எனினும் அம்மாளிகையின் வாயிலுக்கும் சேரியின் வாயிலுக்கும் இடையே நடைவழி ஒன்று இருந்தது. பண்டிதர் அயோத்திதாசர் ஆல்காட்டைக் கண்டு பேசவும், 1898இல் இலங்கைக்குச் சென்று பௌத்தத்தைத் தழுவவும் அந்த வழி உதவிற்று. அருகில் வாழ்ந்தமையாற் கண்டார்; கண்டமையாற் பள்ளி திறந்தார். ஒருவர் எங்குக் குடியிருக்கிறார் என்பது அவர் எதைக் காண்கிறார் என்பதை முடிவு செய்கிறது என்பதற்கு இதுவே முதற்சான்று.

மாந்தோப்பில் ஒரு கூடாரம்

அடுத்து வடநாட்டிற்குச் செல்வோம். 1925ஆம் ஆண்டில் வில்லியம் வைசர், சார்லட் வைசர் என்ற அமெரிக்கச் சமயத் தொண்டர் இருவர், கணவனும் மனைவியுமாகத் தம் சிறு பிள்ளைகளுடன், இன்றைய உத்தரப்பிரதேசத்தின் மைன்புரி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிற்கு வந்தனர். தம் நூல்களில் அவ்வூருக்குக் ‘கரீம்பூர்’ எனப் புனைபெயரிட்டனர். அன்று அங்கு வாழ்ந்தோர் 161 குடும்பத்தினர், 754 பேர். உயர்சாதியினர் என்று கொள்ளப்பட்ட பிராமண நிலவுடைமையாளரிடமே ஊரின் அதிகாரம் இருந்தது.

வைசர் குடும்பத்தார் ஊருக்கு வெளியே ஒரு மாந்தோப்பில் கூடாரம் அடித்துத் தங்கினர். தோப்பு ஊருமன்று, சேரியுமன்று. எவர் வேண்டுமாயினும் அங்கு வரலாம். ஆனால் தொடக்கத்தில் எவரும் எளிதில் நெருங்கவில்லை. வெள்ளைத் தோலினர் கூடாரம் அடித்தால் வரி விதிக்கவோ நிலம் அளக்கவோதான் வருவர் என்பது அன்றைய கிராமத்தின் பட்டறிவு. அந்த அச்சத்தைப் போக்கியவை சொற்பொழிவுகள் அல்ல. சார்லட் அம்மையார் நோயாளிகளுக்கு அளித்த மருந்தும், தாய் என்ற முறையில் மற்றத் தாய்மாரோடு அவர் கொண்ட பழக்கமுமே வாயில்களைத் திறந்தன. இவ்வாறு அமைந்த வாழ்வின் பயனாக 1930இல் வெளிவந்ததே ‘மண் சுவர்களுக்குப் பின்னால்’ என்னும் பொருள்படும் புகழ்பெற்ற நூல்.

வில்லியம் வைசர் 1936ஆம் ஆண்டில் மற்றொரு நூலை வெளியிட்டார். நாவிதர், வண்ணார், குயவர், தச்சர், துப்புரவாளர் ஆகியோர் ஒவ்வொரு வீட்டிற்கும் பரம்பரையாகப் பணிசெய்து, அறுவடைக் காலத்தில் தானியக் கூலி பெறும் ‘ஜஜ்மானி’ முறையை விளக்கும் நூல் அது. அதனை ஒருவருக்கொருவர் செய்யும் கைம்மாறாகவே அவர் பெரிதும் கண்டார். அதன் ஆதாயம் சமமாக இல்லை என்பதையும் மறைக்கவில்லை. அதே 1936ஆம் ஆண்டில்தான் அண்ணல் அம்பேத்கர் ‘சாதி ஒழிப்பு’ என்னும் உரையை அச்சிட்டு வெளியிட்டார். தொழிலைத் தேர்ந்துகொள்ளும் உரிமையின்றிப் பிறப்பினாலேயே உழைப்பாளரை ஒருவர்மேல் ஒருவராக அடுக்கும் ஏற்பாடே சாதி என அவர் நிறுவினார். ஒரே ஏற்பாடு, ஒரே ஆண்டு, இரு நோக்குகள். தோப்பில் தங்கி அன்போடு நோக்கியவருக்குக் கைம்மாறாகத் தோன்றியது, பள்ளியில் சாக்குத் துணிமேல் தனியே அமர்ந்து, தாகத்திற்கு நீரையும் தாமே எடுத்துக் குடிக்க இயலாதிருந்தவருக்குச் சிறையாகத் தோன்றிற்று. வைசரின் நேர்மையில் நமக்கு ஐயமில்லை. நல்லெண்ணம் உள்ளவரும் தாம் நின்ற இடத்திலிருந்தே காண்பர் என்பதே இங்குக் கொள்ளத்தக்கது.

மண்வெட்டி பிடித்த பொறியாளர்

1934ஆம் ஆண்டு சனவரி 15ஆம் நாள் பீகாரை உலுக்கிய நிலநடுக்கம் ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்டது. தீண்டாமை என்னும் பாவத்திற்குக் கிடைத்த தண்டனையே அது என்று காந்தியடிகள் கூறியதும், அக்கருத்தை அறிவியல் நோக்கில் தாகூர் மறுத்ததும் நாடறிந்த செய்திகள். அவ்வாண்டிலேயே பீகாருக்கு வந்தார் பியர் செரசோல் என்னும் சுவிட்சர்லாந்துப் பொறியாளர். சுவிஸ் நாட்டின் குடியரசுத் தலைவராயிருந்தவரின் மகன் அவர்; போருக்கு வரி கொடுக்க மறுத்துச் சிறை சென்றவர். முதல் உலகப் போரில் பாழான பிரெஞ்சுச் சிற்றூர் ஒன்றில் 1920இல் பல நாட்டு இளைஞரைக் கூட்டி வீடு கட்டும் பணியைத் தொடங்கி, பன்னாட்டுத் தொண்டு இயக்கம் ஒன்றிற்கு வித்திட்டவர்.

செரசோலும் சில தோழர்களும் முசாபர்பூர் பகுதியில் தங்கி, வெள்ளத்தால் வாழ இயலாதுபோன ஊர்களை மேட்டு நிலத்தில் மீண்டும் அமைக்கும் பணியில் 1937 வரை ஈடுபட்டனர். அவர்களது இயக்கத்தின் முதல் விதி, தொண்டன் தன் கையாலேயே உழைத்தல் வேண்டும் என்பதாகும். ஐரோப்பாவில் அது எளிமையின் அடையாளம். இங்கோ அதன் பொருள் வேறாயிற்று. மண் சுமப்பது இன்னாருடைய வேலை, மேற்பார்வையிடுவது இன்னாருடைய வேலை என்று பிறப்பே வகுத்துவைத்த நாட்டில், படித்த பொறியாளர் ஒருவர் மண்வெட்டியைத் தூக்குவதே ஒரு மறுப்புரையாகும். உழைப்பை இழிவென்று கருதும் நோயே நம்மைத் தாழ்த்திய நோய் என்பதை உணர்ந்த நம்மவர்க்கு இந்நிகழ்ச்சியின் அருமை எளிதில் விளங்கும்.

திட்டங்களும் அமைதிப் படையும்

விடுதலைக்குப் பின்னர் அயல்நாட்டு உதவி தனிமனிதர் தொண்டு என்ற நிலையைக் கடந்து அரசுகளின் ஏற்பாடாயிற்று. 1948இல் ஆல்பர்ட் மேயர் என்னும் அமெரிக்கக் கட்டடக் கலைஞரின் கருத்துரைப்படி, எட்டாவா மாவட்டத்தில் 64 சிற்றூர்களில் முன்னோடித் திட்டம் ஒன்று தொடங்கிற்று. அதன் படிப்பினைகளோடு 1952 அக்டோபர் 2ஆம் நாள் நாடெங்கும் 55 சமுதாய வளர்ச்சித் திட்டங்கள் தொடங்கப்பெற்றன. விதையும் உரமும் கடனும் நிலமுள்ளவர் வீட்டு வாயிலிலேயே நின்றுவிடுகின்றன என்பதை அரசின் மதிப்பீட்டு அறிக்கைகளே எடுத்துக்காட்டின.

இச்சூழலில் வந்தவர்கள்தாம் ‘பீஸ் கோர்’ எனப்படும் அமெரிக்க அமைதித் தொண்டர் படையினர். 1961 மார்ச் 1ஆம் நாள் அதிபர் கென்னடியின் ஆணையால் தோன்றிய அப்படையின் முதல் அணியினர் 26 பேர் அவ்வாண்டின் இறுதியில் பஞ்சாபுக்கு வந்தனர். 1976இல் இந்தியாவில் அதன் பணி முடிவுறும்வரை நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் இங்கு வாழ்ந்து சென்றனர். சென்னை மாநிலத்திலும் அவர்கள் பணியாற்றினர். பெரும்பாலோர் கல்லூரியை விட்டுப் புதிதாக வெளிவந்த இளைஞர். சம்பளம் இல்லை, உள்ளூர் அளவில் உண்டு உடுத்து வாழப் போதுமான படி மட்டுமே உண்டு. ஊர் திரும்பியபின் கொடுப்பதற்கென மாதம் 75 டாலர் ஒதுக்கிவைக்கப்பட்டது. மாளிகையில் வாழ்ந்து ஆலோசனை கூறும் நிபுணரைப்போல் இராமல் மக்களோடு மக்களாக வாழவேண்டும் என்பதே அதன் கொள்கை.

கொள்கை நன்று. ஆனால் மக்களோடு என்றால் எந்த மக்களோடு?

வட்டார வளர்ச்சி அதிகாரியிடம் வந்து இறங்கும் இளைஞருக்கு முதலில் வேண்டியது ஓர் அறை. வாடகைக்கு விடும் அளவிற்கு மிகுதியான வீடு யாரிடம் இருக்கும்? நிலமுள்ளவரிடமே இருக்கும். அவர் வீட்டு மாடியிலோ புறத்திண்ணை அறையிலோ கயிற்றுக் கட்டிலும் கொசுவலையும் மண்ணெண்ணெய் அடுப்பும் வந்து சேர்ந்தன. தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கவேண்டும். அத்தண்ணீர் வீட்டுக்காரரின் கிணற்றிலிருந்து வந்தது. வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வாட்டிய முதன்மாதங்களில் கஞ்சி கொடுத்துக் காத்தவள் அவ்வீட்டுத் தாய். அந்நன்றியை யார் மறக்க இயலும்? சிலர் சமையலுக்கு ஆள் வைத்துக்கொண்டனர். இன்ன சாதியார் சமைத்தால்தான் அண்டை வீட்டார் வந்து தேநீர் அருந்துவர் என்று ஊரே கூறிற்று. காலையிற் பின்புற வழியே ஒருத்தி வந்து உலர் கழிப்பிடத்தைத் துப்புரவு செய்துவிட்டுப் போவாள். கழிவகற்றுவோர் நிலைபற்றி ஆராய்ந்த மல்கானி குழு தன் அறிக்கையை 1960இல் அளித்தும், வடநாட்டு நகரங்கள் பலவற்றில் அன்று அதுவே நடைமுறை. அவள் பெயரைக் கேட்டறிந்த தொண்டர் எத்தனை பேர்?

மொழியும் அவ்வாறே. மரியாதைச் சொற்களையே பயிற்சி வகுப்பில் கற்பித்திருப்பர். ஆனால் ஒரு மொழியின் உண்மையான பாடம் வீட்டுத் திண்ணையிலேயே நடைபெறுகிறது. தலைநரைத்த உழவனை ஒரு சிறுவன் ஒருமையில் விளிப்பதை நாள்தோறும் கேட்பவரின் நாவில் அவ்வொருமையே ஏறுதல் இயல்பு. அமைதல் என்பது பழகுதல். பழகுதல் என்பது ஊரார் காணாததைத் தாமும் காணாதிருக்கக் கற்றலாக முடிந்துவிடக்கூடும்.

இவ்வளவும் கூறுவது அவ்விளைஞரைப் பழிப்பதற்கன்று. சேரியில் அறை கேட்டிருந்தால் பண்ணையாரின் ஒத்துழைப்பு போயிருக்கும். கோழிப்பண்ணைத் திட்டம் நின்றிருக்கும். ஆண்டறிக்கையில் எண்ணிக்கை குறைந்திருக்கும். அவர்களுக்கு இடப்பட்ட பணி கோழி வளர்ப்பே, சாதியை ஒழிப்பதன்று. தடையை மீறிச் சேரிப் பிள்ளைகளோடு உண்டு உறவாடிய உள்ளங்களும் அவர்களிடையே இருந்திருக்கும். ஆனால் ஒரு திட்டம் எந்தத் தெருவில் இறங்கவேண்டும் என்று விதிக்காதபோது, அது வழக்கமான தெருவிலேயே இறங்கும் என்பதை நாம் உணர்தல் வேண்டும்.

இதற்கு நம் தஞ்சை மாவட்டத்திலேயே ஒரு சான்று உண்டு. உதவிப் பணியன்று, ஆராய்ச்சிப் பணி. சமூகவியல் அறிஞர் ஆந்த்ரே பெத்தேய் 1961-62ஆம் ஆண்டுகளில் ‘ஸ்ரீபுரம்’ என்று தாம் பெயரிட்ட சிற்றூரில் அக்கிரகாரத்தில் தங்கி ஆய்வு செய்தார். தாம் தங்கிய இடத்தினால் ஆதிதிராவிடர் தெருவோடு நெருங்கிப் பழகுவதற்குத் தடை ஏற்பட்டதை அவரே 1965இல் வெளியான தம் நூலில் மறைக்காது குறித்துள்ளார். தங்கிய தெரு தன் பார்வையைக் குறுக்கிற்று என்று ஒப்புக்கொள்வது அறிஞருக்கு அழகு. உதவித் திட்டங்களின் அறிக்கைகளில் அத்தகைய ஒப்புதலைக் காண்பது அரிது.

விக்ரோலியில் ஒரு மூதாட்டி

அமைதிப் படையில் வந்தவருள் உலகறிந்தவர் ஒருவரைப் பற்றி இங்குச் சற்று விரிவாகக் கூறுதல் தகும். அவர் லில்லியன் கார்ட்டர் அம்மையார். பின்னர் அமெரிக்க அதிபரான ஜிம்மி கார்ட்டரின் தாயார். 1898 ஆகஸ்டு 15ஆம் நாள் ஜார்ஜியா மாநிலத்தில் பிறந்தவர். செவிலியர் பயிற்சி பெற்றவர். கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் பள்ளி வேறு, உணவகம் வேறு என்று சட்டமே பிரித்துவைத்த மாநிலம் அது. அங்குக் கறுப்பின அண்டையாரின் வீடுகளுக்குச் சென்று மருத்துவம் பார்த்தவர். அவர்கள் தம் வீட்டு முன்வாயில் வழியாக வருவதை ஏற்றவர். 1964ஆம் ஆண்டுத் தேர்தலில் குடியுரிமைச் சட்டம் கொணர்ந்த ஜான்சனுக்காக உழைத்து, சொந்த ஊராரின் வெறுப்பைத் தேடிக்கொண்டவர்.

கணவரை இழந்து, பிள்ளைகள் வளர்ந்து தனிவாழ்வு கண்டபின், தொண்டுக்கு வயது தடையன்று என்ற விளம்பரத்தைக் கண்டு விண்ணப்பித்தார். சிகாகோவில் மராத்தி மொழி பயின்று, 68ஆம் வயதில் பம்பாய்க்கு அருகேயுள்ள விக்ரோலிக்கு வந்தார். கோத்ரெஜ் தொழிற்சாலையைச் சார்ந்த குடியிருப்பில் அவருக்கு வீடு அமைந்தது. பிள்ளைகளுக்கு அவர் எழுதிய கடிதங்கள் பின்னர் 1977இல் நூலாக வந்தன. முதன்மாதங்களின் தனிமையும், வெம்மையும், கைப்பணம் போதாமையும், சுற்றிலுங் கண்ட வறுமையால் எழுந்த மனச்சோர்வும் அவற்றில் ஒளிவின்றிப் பதிந்துள்ளன. முதலில் குடும்பக் கட்டுப்பாட்டுப் பணியில் அமர்த்தப்பட்டார். அதில் மனம் ஒன்றவில்லை. பின்னர் மருத்துவமனைக்கு மாறினார். அங்கே தொழுநோயாளரைத் தொடவேண்டி வந்தது. அனுபவமிக்க செவிலியாயினும் அவரும் முதலில் அஞ்சினார். அந்த அச்சத்தையும் அது கரைந்ததையும் அவர் மகன் பின்னாளில் ஒரு கவிதையாகவே எழுதி 1995இல் வெளியிட்டார்.

தீண்டாமை என்பது இன்னதென்று நூலிற் படித்து அறியலாம். தன் கை தயங்கும்போது அறிவதே மெய்யறிவு. தயங்கிய கையை நீட்டியபின்னரே அவ்வம்மையாருக்கு இந்நாட்டு வாழ்வு அமைந்தது. அயலிலிருந்த தோட்டக்காரரின் மகளுக்கு அவர் எழுதப் படிக்கக் கற்பித்ததையும், தோட்டக்காரர் காய்கறியும் மலரும் கொணர்ந்து கொடுத்ததையும் ஜிம்மி கார்ட்டர் நினைவுகூர்ந்துள்ளார். இந்தச் சிறு செய்தியில் ஒரு பேருண்மை உண்டு. கொடுக்க மட்டுமே வந்தவர் எந்நாளும் விருந்தாளியே. ஏழையின் கையிலிருந்து பெற்றுக்கொள்ளவும் துணிந்தவரே அயலாராகிறார். 1968ஆம் ஆண்டு, நம் விடுதலைத் திருநாளன்று, இந்திய மண்ணிலேயே எழுபது வயது நிறைவெய்தி, அதன்பின் அவர் நாடு திரும்பினார்.

அதே காலத்தில், 1965இல் நம் தமிழ்நாட்டு இளையபெருமாள் அவர்களின் தலைமையில் நடுவண் அரசு அமைத்த குழு நாடெங்கும் சென்று தீண்டாமைக் கொடுமைகளைக் கேட்டறிந்தது. 1955ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின்னும் பொதுக்கிணறும் தேநீர்க்கடையும் நம்மவர்க்கு எட்டாதிருந்ததை 1969இல் அதன் அறிக்கை உரைத்தது. அமைதிப் படையினர் மிகுதியாக இங்கு வாழ்ந்த ஆண்டுகளும் அவைதாம். அவர்கள் காய்ச்சிக் குடித்த நீரும், நம்மவர்க்கு மறுக்கப்பட்ட நீரும் பல ஊர்களில் ஒரே கிணற்று நீராக இருந்திருக்கக்கூடும்.

நாம் கொள்ளவேண்டிய பாடம்

இவ்வரலாறு பிறரைப் பற்றியது மட்டுமன்று. 1964ஆம் ஆண்டிலிருந்து இந்திய அரசே பிற நாடுகளுக்குத் தொழில்நுட்ப உதவி அளித்து வருகிறது. ஆப்பிரிக்க நாடுகளின் பள்ளிகளில் இந்திய ஆசிரியர்கள் பலர் பணியாற்றியுள்ளனர். நம் கழகம் போன்ற அமைப்புகளின் துணையால் படித்துவரும் பிள்ளைகள் செவிலியராக, ஆசிரியராக, பொறியாளராகக் கடல் கடந்து செல்லும் காலம் இது. அவர்களும் ஒருநாள் அறிமுகமில்லாத ஓர் ஊரில் பெட்டியை இறக்குவர். அன்று அவ்வூரின் செல்வர் ஒருவர் அன்போடு வந்து தம் வீட்டு அறையைக் காட்டுவார்.

அவ்வேளையில் நம் பிள்ளைகள் சற்று நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். இவ்வீட்டு வாசலுக்கு வரத் தயங்குவோர் இவ்வூரில் யார்? இங்கு நீர் கொணர்பவர் யார்? அவர் பெயர் என்ன? அவரை எவ்வாறு விளிப்பது? அறையை ஏற்பதா, மறுப்பதா என்பது அவ்விடத்துச் சூழலைப் பொறுத்தது. வைசர் தம்பதியினர்போல் தோப்பைத் தேடலாம். ஆல்காட்டைப்போல் நடைவழியொன்றைத் திறந்துவைக்கலாம். ஆனால் கேள்வியைக் கேளாமலேயே கட்டிலை விரித்துவிடலாகாது. கிணற்றின் மறுபுறத்தில் குடத்தோடு காத்துநின்ற தாய்மார் வயிற்றிற் பிறந்த நமக்கு இக்கேள்வியை எவரும் கற்பிக்கவேண்டுவதில்லை. நாம் அதனை மறவாதிருந்தாற் போதும்.

“எங்கே இறங்கியிருக்கிறீர்கள்?” என்று நம் பெரியவர்கள் கேட்டனர். உலகிற்கு உதவப் புறப்படும் ஒவ்வொருவரும் அக்கேள்விக்கு விடைகூறக் கடமைப்பட்டவரே. அவர் என்ன கொண்டுவந்தார் என்பதை அறிக்கைகள் எழுதிவைக்கும். யார் வீட்டுச் செம்பில் நீர் அருந்தினார் என்பதை மக்கள் நினைவில் வைப்பர்.